மகனின் நாட்களில்

ஆகாப் ராஜா அழுதது உண்மையான அழுகைதான். முதலாம் ராஜாக்கள் புத்தகத்துக்கு அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல மனமே கிடையாது. அவனுக்கு முன்னிருந்த எல்லாரையும்விடக் கெட்டவன் என்று தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் அவன் கதையையே தொடங்குகிறது. அந்தப் புத்தகமே ஒத்துக்கொள்கிறது: தீர்க்கதரிசி எலியா எதிரே வந்து நின்று நாபோத்தின் கொலையைச் சொல்லிச் சபித்ததும், ஆகாப் உடையைக் கிழித்தான், வெறும் உடம்பில் இரட்டு என்னும் முரட்டுத் துணியைப் போர்த்தினான், சாப்பிட மறுத்தான், இரட்டிலேயே படுத்தான், அடங்கி ஒடுங்கி நடந்தான். கடவுள் அதைக் கவனிக்கிறார். எலியாவிடம், அவனைப் பார்த்தாயா என்று ஏறக்குறையப் பெருமையோடு கேட்கிறார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து தீ இறங்கியபோதுகூட மசியாதவன் இப்போது மசிந்துவிட்டான். அதற்குப் பலனும் உண்டு. ஆகாபின் வீட்டின்மேல் வரவிருந்த தீங்கு அவன் நாட்களில் வராது. அவன் மகனின் நாட்களில் வரும்.

பிரசங்கங்களில் இந்த இடம் கடவுளின் இரக்கத்துக்கு உதாரணமாக வரும். இவ்வளவு கெட்டவனுக்கே இரக்கம் கிடைத்தது என்றால் உனக்கும் எனக்கும் கிடைக்காதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அறிவிப்பின் பின்பாதியை விட்டு என்னால் நகர முடிவதில்லை. தண்டனை ரத்தாகவில்லை. கடன் பத்திரத்தில் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. இப்படிப் பெயர் மாற்றி எழுதுவது ஆகாபுக்காக மட்டும் செய்த சலுகையல்ல. சாமுவேல், ராஜாக்கள் ஆகிய புத்தகங்கள் முழுக்க இது நடந்துகொண்டே இருக்கிறது. சாலொமோன் வருந்தக்கூட இல்லை. அப்பன் தாவீதுக்காக அவனுக்கும் இதே தவணை கிடைத்தது: ராஜ்யம் பிளக்கும், ஆனால் உன் காலத்தில் அல்ல, உன் மகன் கையிலிருந்து.

நாபோத்தின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். யெஸ்ரயேலில் அரண்மனைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. ராஜாவுக்கு அந்த இடத்தில் கீரைக்கொல்லை போட ஆசை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டாமென்றால் பணம் தருகிறேன் என்கிறான். கொடுங்கோலன் பேசுகிற பேச்சாக இல்லை. பாட்டன் பூட்டன் சொத்தைத் தரமுடியாது என்கிறான் நாபோத். ராஜா வீட்டுக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலில் விழுகிறான். சாப்பாடு வேண்டாம் என்கிறான். ராணி யேசபேல் அவன் முத்திரையைப் போட்டு ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். ஊரில் உபவாசம் கூறுங்கள், நாபோத்தைச் சபை முன்னால் உட்காரவையுங்கள், இரண்டு போக்கிரிகளைச் சாட்சி சொல்லவையுங்கள், கல்லெறிந்து கொல்லுங்கள். அப்படியே ஆகிறது. இந்த ஒரே அதிகாரத்தில் மூன்று பட்டினிகள். தோட்டம் கிடைக்காத வீம்பில் ராஜா கிடந்த பட்டினி, கொலைக்குப் பக்தி வேஷம் போட்ட ஊர்ப் பட்டினி, கடைசியில் ஆகாபின் மனஸ்தாபப் பட்டினி. மூன்றாவதை மட்டும் கடவுள் ஏற்றுக்கொள்கிறார். பார்க்கிறவர்களுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும்.

ஆகாப் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததாகச் செய்தி இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் இருந்ததாகவும் தெரியவில்லை. முதல் புத்தகம் சொல்லாத ஒரு விவரம் இரண்டாம் ராஜாக்களில், யாருடைய பேச்சின் நடுவிலோ, போகிறபோக்கில் வந்து விழுகிறது: அன்றைக்கு நாபோத்தின் மகன்களும் கொல்லப்பட்டார்கள். பாட்டன் பூட்டன் சொத்து கைமாற வேண்டுமானால் அப்பனை மட்டும் கொன்றால் போதாது என்பது யேசபேலுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த விவரத்தைச் சொல்பவன் யெகூ. கி.மு. 841 வாக்கில் ஆகாபின் மகன் யோராமை அம்பெய்து கொன்று, உடலை அதே நாபோத்தின் நிலத்தில் எறியச் சொல்லும்போது சொல்கிறான். மகன்களுக்கு மகன் என்று கணக்கு நேராகிறது. அதோடு நிற்கவுமில்லை. ஆகாபின் பிள்ளைகள் எழுபது பேரின் தலைகள் சமாரியாவிலிருந்து கூடைகளில் வந்து யெஸ்ரயேல் வாசலில் இரண்டு குவியலாக விடியும்வரை கிடந்தன. (வடக்கே தேல் தாண் அகழாய்வில் 1993-94இல் கிடைத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டுகளில், யோராமைக் கொன்றது நான்தான் என்று ஓர் அரமேய ராஜா மார்தட்டுவதாகப் பெரும்பாலான அறிஞர்கள் வாசிக்கிறார்கள். கொலைக்கு உரிமை கோர இரண்டு பேர்.)

அசீரியாவின் மூன்றாம் சல்மனாசர் தன் கல்வெட்டில், கி.மு. 853இல் கர்கார் போரில் தன்னை எதிர்த்து நின்றவர்களில் ஆகாபின் பங்கு 2,000 ரதங்கள், 10,000 காலாட்கள் என்று எழுதிவைத்திருக்கிறான். அந்தக் கூட்டணியிலேயே பெரிய ரதப்படை அவனுடையதுதான். ராஜாக்கள் புத்தகம் அந்தப் போரைப் பற்றி மூச்சே விடவில்லை. அதற்கு முக்கியம் கீரைக்கொல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் புத்தகத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதனால்தான் அதன் கணக்குகள் உறுத்துகின்றன.

தாவீதின் கதை எல்லாருக்கும் தெரியும். மாடியிலிருந்து பார்த்தது, பத்சேபாளை அழைத்துவரச் சொன்னது, அவள் புருஷன் உரியாவின் கையிலேயே அவன் சாவுக்கான கடிதத்தைக் கொடுத்தனுப்பியது, தீர்க்கதரிசி நாத்தான் வந்து ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னது. பாவம் செய்தேன் என்கிறான் தாவீது. சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனுடைய பெருமை. உடனே பதில் வருகிறது: பாவம் நீங்கியது, நீ சாகமாட்டாய். அடுத்த மூச்சில்: பிறந்த பிள்ளை சாகும். அவன் தரையில் விழுந்து கிடக்கிறான், ஒன்றும் சாப்பிடாமல். ஏழாம் நாள் பிள்ளை இறந்ததும் வேலைக்காரர்கள் அவனிடம் சொல்லப் பயந்து தங்களுக்குள் குசுகுசுக்கிறார்கள். அந்தக் குசுகுசுப்பிலிருந்தே அவன் தெரிந்துகொள்கிறான். எழுந்து குளித்து, எண்ணெய் பூசி, உடை மாற்றி, தொழுதுவிட்டு வந்து சாப்பாடு வைக்கச் சொல்கிறான். பத்சேபாளுக்கு அந்த ஏழு நாட்கள் எப்படிப் போயின என்று ஒரு வரி இல்லை. பிள்ளைக்குப் பெயர் இல்லை. மனந்திரும்புதலுக்கு இலக்கணம் என்று ஓதப்படும் 51ஆம் சங்கீதத்தின் தலைப்பில் நாத்தான் இருக்கிறார், பத்சேபாள் இருக்கிறாள். உரியா தலைப்பிலும் இல்லை, பாட்டிலும் இல்லை. குற்றம் முழுக்கக் கடவுளுக்கு எதிரானதாகவே அங்கே அறிக்கையிடப்படுகிறது.

இன்னொரு முறை தாவீது ஜனத்தொகைக் கணக்கெடுத்து மாட்டிக்கொள்கிறான். தண்டனையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மூன்று வாய்ப்புகள் தரப்படுகின்றன: நாட்டுக்குப் பஞ்சம், மூன்று மாதம் எதிரிகளுக்கு முன்னால் ராஜா ஓடுவது, மூன்று நாள் கொள்ளைநோய். மனுஷர் கையில் விழுவதைவிடக் கடவுள் கையில் விழுவோம் என்று அழகாகச் சொல்கிறான் தாவீது. அந்த அழகில் மயங்கி ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறோம். மூன்றில் நடுவில் உள்ளதுதான் முக்கியமாக அவன் தலையில் விழக்கூடியது. அதை அவன் தள்ளிவிட்டான். நோயில் 70,000 பேர் சாகிறார்கள். எருசலேமின்மேல் கை ஓங்கி நிற்கும் தூதனைக் கண்ட பிறகுதான், பாவம் செய்தது நான், இந்த ஆடுகள் என்ன செய்தன என்று கதறுகிறான். ராஜாக்களின் வாயிலிருந்து வந்த பேச்சுகளிலேயே உயர்ந்தது இது என்று நினைக்கிறேன். ஆனால் அதன் வாலிலும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: உம்முடைய கை என்மேலும் என் தகப்பன் வீட்டின்மேலும் வரட்டும். தனியாகச் சுமக்க அப்போதும் அவனுக்கு வரவில்லை.

இந்தக் கொள்ளைநோய்க்கு மூன்று அதிகாரங்கள் முன்னால் ரிஸ்பாள் இருக்கிறாள். தாவீதின் புகழ் பாடும் கட்டுரைகளில் அவள் அநேகமாக வருவதில்லை.

நாட்டில் மூன்று வருஷம் பஞ்சம். காரணம் கேட்கிறான் தாவீது. செத்துப்போன முந்தைய ராஜா சவுல்தான் காரணம் என்று பதில். கிபியோனியர்களுக்கு இஸ்ரவேலர் பழைய காலத்தில் உயிர்ப்பிச்சை தந்து ஆணையிட்டிருந்தார்கள். சவுல் அதை மீறி அவர்களைக் கொன்றான். தாவீது கிபியோனியர்களைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்கிறான். வெள்ளியும் பொன்னும் வேண்டாம், அவன் வம்சத்தில் ஏழு பேரைக் கொடு என்கிறார்கள். கொடுக்கிறேன் என்கிறான். சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள் பெற்ற இரண்டு மகன்கள், சவுலின் மகள் வழிப் பேரன்கள் ஐந்து பேர். பழைய ராஜவம்சம் ஒழிவதில் புது ராஜாவுக்கு என்ன லாபம் என்று வாசகன் யோசிக்காமல் இருக்க முடியாது. கதைசொல்லி யோசித்தாரா என்று காட்டிக்கொள்ளவில்லை. வாற்கோதுமை அறுப்பு தொடங்கும் நாட்களில் ஏழு பேரையும் மலையில் தூக்கிப் போட்டார்கள்.

ரிஸ்பாள் இரட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஆகாப் உடம்பில் போர்த்திய அதே முரட்டுத் துணி. அவள் அதைப் போர்த்திக்கொள்ளவில்லை, பாறையில் விரித்தாள். அங்கேயே இருந்துவிட்டாள். பகலில் பறவைகளை விரட்டினாள், இரவில் மிருகங்களை விரட்டினாள். வானத்திலிருந்து மழை பெய்யும்வரை என்கிறது புத்தகம். அந்த நாட்டில் வாற்கோதுமை அறுப்பு சித்திரை வாக்கில். பருவமழை ஐப்பசிக்குப் பிறகு. பருவமழையைத்தான் சொல்கிறது என்றால் ஒரு கோடை முழுவதும். வெயிலில் ஏழு உடல்கள் என்னவாகியிருக்கும் என்று புத்தகம் வர்ணிக்கவில்லை. அவள் பேசியதாக ஒரு சொல் இல்லை. தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் காவல் இருந்தாள், மற்ற ஐந்தைக் காக்கைக்கு விட்டாள் என்றும் இல்லை.

தாவீதுக்குச் செய்தி போகிறது. அவன் புறப்பட்டு, யாபேஸ் கீலேயாத்தில் கிடந்த சவுல், அவன் மகன் யோனத்தான் ஆகியோரின் எலும்புகளைக் கொண்டுவந்து, தூக்கிப் போடப்பட்டவர்களின் எலும்புகளையும் பொறுக்கி எடுக்கச் சொல்லி, சவுலின் எலும்புகளை அவன் அப்பன் கீசின் கல்லறையில் அடக்கம்பண்ணுகிறான். அதற்குப் பிறகு கடவுள் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கேட்டார் என்று முடிகிறது. வரிசையைப் பாருங்கள். ஏழு பேரைத் தூக்கியதும் மனமிரங்கினார் என்று புத்தகம் சொல்லவில்லை. எலும்புகள் மண்ணுக்குள் போன பிறகுதான் சொல்கிறது. அந்த அடக்கத்தை நடக்கவைத்தவள் மலையில் உட்கார்ந்திருந்தவள். இது என் வாசிப்பு. உரைகாரர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் ராஜாக்களின் இரட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்தாலும் பாறையில் விரித்த அந்த ஒரு துணிக்கு ஈடாகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

யூதாவின் ராஜா எசேக்கியாவைப் பற்றிக் கடுமையாகப் பேசக் கூச்சமாக இருக்கிறது. நல்ல ராஜா என்று பெயர் எடுத்தவன். எருசலேமுக்குத் தண்ணீர் கொண்டுவர அவன் பாறையில் குடைந்ததாகக் கருதப்படும் சுமார் 530 மீட்டர் சுரங்கம் இன்றும் இருக்கிறது, முழங்கால் தண்ணீரில் நடந்து போகலாம். சாகக் கிடந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பி அழுது 15 வருஷம் கூடுதலாக வாங்கினான். பாபிலோனிலிருந்து நலம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். கஜானாவையும் ஆயுதசாலையையும் ஒன்றுவிடாமல் திறந்து காட்டினான். தீர்க்கதரிசி ஏசாயா வந்து, இதெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உன் பிள்ளைகளில் சிலர் அங்கே அரண்மனையில் அண்ணகர்களாக இருப்பார்கள் என்கிறார். நல்ல வார்த்தை என்கிறான் எசேக்கியா. ஏனென்றால் அவன் நாட்களில் சமாதானம் இருக்கும். ஆகாபுக்குக் கடவுள் சொல்லிக் கொடுத்த சலுகையை இவன் தானே கண்டுபிடித்து ஆறுதலும் அடைகிறான். தன் ஆயுசுக்காகச் சுவரைப் பார்த்து அழுதவனுக்குப் பிள்ளைகளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அந்தக் கூடுதல் 15 வருஷங்களில் பிறந்தவன் மனாசே. பட்டத்துக்கு வரும்போது அவனுக்கு வயது 12. கணக்குப் போட்டால் எசேக்கியா குணமாகி மூன்றாம் வருஷம். அப்பன் அன்றைக்கே செத்திருந்தால் மகன் பிறந்தே இருக்கமாட்டான்.

மனாசே 55 வருஷம் ஆண்டான். யூதாவில் அவ்வளவு காலம் ஆண்டவர் வேறு யாருமில்லை. எருசலேமை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குற்றமற்ற இரத்தத்தால் நிரப்பினான் என்கிறது ராஜாக்கள் புத்தகம். அதே மனாசே இரண்டாம் நாளாகமத்தில் வேறு ஆள். அசீரியப் படைத்தலைவர்கள் அவனை வெண்கலச் சங்கிலியில் பாபிலோனுக்கு இழுத்துப் போகிறார்கள். நெருக்கத்தில் அவன் தாழ்ந்து மன்றாடுகிறான், கடவுள் மனமிரங்கி அவனைத் திரும்ப எருசலேமுக்கே கொண்டுவருகிறார், அவன் விக்கிரகங்களை அப்புறப்படுத்துகிறான். ராஜாக்கள் புத்தகத்துக்கு இந்தச் செய்தியே தெரியாது, அல்லது தெரிந்ததாகக் காட்டவில்லை. நாளாகமம் எழுதியவர் பல தலைமுறை பிந்தியவர். அவரவர் செயலுக்கு அவரவர் காலத்திலேயே பலன் கிடைத்துவிட வேண்டும் என்று நம்பியவர். இவ்வளவு கெட்டவன் 55 வருஷம் நிம்மதியாக ஆண்டு படுக்கையில் செத்தான் என்பது அவருக்குப் பொறுத்திருக்காது. மனாசேயின் மன்றாட்டு என்று ஒரு சிறு ஜெபமே பின்னால் உருவாகி, கிழக்குச் சபைகள் சிலவற்றின் வேதாகமத்தில் இடம்பெற்றிருக்கிறது. யூத ரபிகளும் விடவில்லை. மறுமையில் பங்கில்லாத மூன்று ராஜாக்கள் யெரொபெயாம், ஆகாப், மனாசே என்கிறது மிஷ்னா. மனாசேக்குப் பங்குண்டு, அவன் மன்றாட்டு கேட்கப்பட்டதே என்கிறார் ரபி யூதா. அவனுக்கு ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்தார், மறுமையைக் கொடுக்கவில்லை என்று மற்றவர்கள் வாயை அடைக்கிறார்கள். வழக்கு முடிந்ததாகத் தெரியவில்லை.

மனாசேயின் பேரன் யோசியாதான் இதில் எனக்கு மிகவும் வலிக்கிற ஆள். கி.மு. 622இல் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாணச் சுருள் கிடைக்கிறது. வாசிக்கக் கேட்டதும் யோசியா உடையைக் கிழித்துக்கொள்கிறான். அவனுக்கு அப்போது வயது 26. உல்தாள் என்ற தீர்க்கதரிசினியிடம் ஆளனுப்புகிறான். இடிவது இடிந்தே தீரும், ஆனால் நீ இளகிய மனதோடு அழுதாயே, அதனால் உன் கண்கள் அதைக் காணாது என்கிறாள். யோசியா நாடு முழுக்கச் சுத்தம் செய்கிறான். அவனைப்போல முழு மனதோடு திரும்பிய ராஜா முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று புகழ்ந்த கையோடு, ஆனாலும் மனாசே மூட்டிய கோபம் தணியவில்லை என்று புத்தகம் எழுதுகிறது. கி.மு. 609இல் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் யோசியா சாகிறான், வயது 39.

இந்த வரலாறு முழுவதையும் யூதாவின் ஜனங்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட காலத்தில் ஒருவர் உட்கார்ந்து தொகுத்தார் என்று 1943இல் மார்ட்டின் நோத் வாதிட்டார். ஒருவரா பலரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எத்தனை பேராக இருந்தாலும் அவர்கள் எரிந்த எருசலேமை மனதில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள். அவ்வளவு நல்லவன் ஆண்ட பிறகும் ஏன் எரிந்தது என்பதற்கு அவர்களுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

ஆகாப், எசேக்கியா, யோசியா மூன்று பேருக்கும் கிடைத்த வெகுமதி ஒன்றுதான்: பார்க்காமல் போய்ச் சேருவது. யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவுக்கு அந்த வெகுமதி கிடைக்கவில்லை. பாபிலோனியர் அவனை ரிப்லாவுக்குக் கொண்டுபோய், மகன்களை அவன் கண்முன்னால் வெட்டிவிட்டு, அதற்குப் பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். முந்தின ராஜாக்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது இந்த ஒரு மனிதனின் பார்வையில் வந்து முடிகிறது.

அவனுக்கு முன் சரணடைந்து கைதியாகப் போன யோயாக்கீன் பிழைத்துக்கொண்டான். பாபிலோன் அகழாய்வில் கிடைத்த களிமண் பலகைகளில் அவனுக்கு அளந்த எண்ணெய்க்குக் கணக்கு இருக்கிறது. அவற்றில் ஒன்று கி.மு. 592ஐச் சேர்ந்தது. யூதா ராஜாவின் ஐந்து மகன்களுக்கும் சேர்த்து இரண்டரை படி அளவில் ஏதோ ஒரு அரண்மனைக் கணக்குப்பிள்ளை பதிந்திருக்கிறான். ஏசாயா சொன்ன பிள்ளைகள் இவர்கள்தான் போலும்.

அதே வருஷங்களில், அதே பாபிலோன் தேசத்தில், கேபார் ஆற்றங்கரையில் தீர்க்கதரிசி எசேக்கியேல் பேசிக்கொண்டிருந்தார். அப்பன்கள் புளிப்புத் திராட்சை தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது என்று ஒரு பழமொழி கைதிகள் நடுவில் புழங்கியது. அதை இனி யாரும் வாயில் எடுக்கக்கூடாது என்கிறார் அவர். செய்தவன்தான் சாவான். மகன் அப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை, அப்பன் மகனுடையதைச் சுமப்பதில்லை. கெட்டவன் திரும்பினால் பிழைப்பான். ஆகாபுக்குச் சொன்ன தீர்ப்பையும் தாவீதின் பிள்ளைக்கு நேர்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது விளக்கமே அல்ல, எதிர்வழக்கு. சொந்த வேதத்தின் கணக்குப் புத்தகத்தையே திருத்த வந்த ஒருவரின் குரல்.

கேட்டவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். அவர்களோ, ஏன், அப்பன் அக்கிரமத்தை மகன் சுமக்கத்தானே வேண்டும் என்று எதிர்க்கேள்வி போட்டதாக அந்த அதிகாரமே பதிவு செய்கிறது. கர்த்தருடைய வழி நியாயமில்லை என்றும் சொன்னார்களாம். முதலில் எனக்கு விநோதமாக இருந்தது. இப்போது அவர்கள் பக்கம் புரிகிறது. எல்லாவற்றையும் மனாசேயின் பெயரில் எழுதிவிட்டால் கைதிகள் வெறும் பிள்ளைகள். யாரோ தின்றதற்குப் பல் கூசுகிறவர்கள். எசேக்கியேல் அந்தக் கடனை மட்டும் தள்ளவில்லை, அந்தச் சமாதானத்தையும் சேர்த்துப் பறித்துவிட்டார். அப்படியானால் நாங்கள் என்ன செய்தோம் என்ற கேள்வியோடு அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

எசேக்கியேலின் திருத்தமும் முழுமையானதல்ல. அவர் புத்தகத்தில் ஆறு அதிகாரம் தள்ளி, அவர் மனைவி ஒரு சாயங்காலம் இறந்துபோகிறாள். எருசலேம் விழப்போவதற்கு ஜனங்களுக்கு அவர் ஓர் அடையாளமாக இருக்கவேண்டும், அழக்கூடாது, பாகையை அவிழ்க்கக்கூடாது, பாதரட்சையைக் கழற்றக்கூடாது என்று அவருக்கு முன்னாலேயே உத்தரவு வந்துவிட்டது. காலையில் ஜனங்களிடம் பேசினார், மாலையில் அவள் செத்தாள், மறுநாள் காலையில் சொன்னபடி செய்தார். ஒருவர் பாவத்துக்கு இன்னொருவர் சாவதில்லை என்று வாதிட்டவர் அவரே. அந்த வாதத்தைத் தன் மனைவியின் சாவுக்குப் பொருத்திப் பார்க்க அவர் முயலவேயில்லை.